ஏர் (காற்று) வாங்கிய மரை: 24 லிட்டர் ஒயினை வாக்குவம் பம்ப் வைத்துப் பாட்டிலில் அடைத்ததன் முழு ஆய்வு

30 பாட்டில் வெள்ளைத் திராட்சை ஒயின். ஒரே குடுவையிலிருந்து, ஒரே நாளில், ஒரே வகைக் கார்க் போட்டு அடைத்தவை. மூன்று மாதம் கழித்து எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே வரிசையாக வைத்தேன். 3ஆம் பாட்டில் வெளிர் வைக்கோல் நிறம், 19ஆம் பாட்டில் தேன் நிறம், 24ஆம் பாட்டில் மறுபடியும் வைக்கோல் நிறம். நிரப்பும்போதே ஒவ்வொரு பாட்டிலிலும் வரிசை எண் எழுதி வைத்திருந்தேன், அதனால்தான் இந்த ஆய்வே சாத்தியமானது. எண் இல்லாமல் இருந்திருந்தால் சில பாட்டில் கெட்டுவிட்டது, கார்க் சரியில்லை போல என்று நினைத்து அடுத்த முறையும் அதே தவறைச் செய்திருப்பேன்.

முதலில் ஏன் வாக்குவம் (வெற்றிடப்) பம்ப் என்று சொல்லிவிடுகிறேன். 24 லிட்டர் ஒயின் 24 கிலோ, கண்ணாடிக் குடுவை ஆறேழு கிலோ, ஆக 30 கிலோவை மேசைமேல் தூக்கி வைத்தால்தான் சைஃபன் (மேலிருந்து கீழே தானாக வடிக்கும் குழாய்) ஓடும். தூக்கும்போது அடியில் படிந்த மண்டி கலங்கும், முதுகும் போகும். வாக்குவத்தில் இரண்டு குடுவையும் தரையிலேயே இருக்கலாம். பம்ப் நிரம்ப வேண்டிய குடுவையிலிருந்து காற்றை மட்டும்தான் எடுக்கிறது, ஒயின் பம்ப்பைத் தொடுவதே இல்லை. வெளிக்காற்றின் அழுத்தம்தான் ஒயினைக் குழாய் வழியாகத் தள்ளிக் கொண்டுவருகிறது. 1643இல் டாரிசெல்லி பாதரசக் குழாயை வைத்துக் காட்டியது இதைத்தான். காற்று 760 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாங்கும், தண்ணீர் என்றால் சுமார் 10.3 மீட்டர். அந்தக் கணக்கில் ஒயினை ஒரு மீட்டர் ஏற்ற ஏறக்குறைய 3 அங்குலம் பாதரசம் அளவு வெற்றிடம் போதும். கேஜில் (வெற்றிடத்தை அதே அங்குலத்தில் காட்டும் அளவியில்) 20, 22 என்று காட்டுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை, இறுப்பதற்கு, அதாவது மண்டியை விட்டுவிட்டுத் தெளிந்த ஒயினை வேறு குடுவைக்கு மாற்றுவதற்கு, 6 முதல் 8 இருந்தாலே தாராளம். இன்னொன்று, உயரமான ஊரில் இருப்பவர்கள் பம்ப் பழுதோ என்று பயப்பட வேண்டாம், ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் கேஜ் தொடக்கூடிய உச்சம் சுமார் ஓர் அங்குலம் குறையும்.

நான் வைத்திருப்பது எண்ணெய் தேவைப்படாத டயஃப்ரம் பம்ப். எண்ணெய் ஊற்றி ஓட்டும் பம்ப்பும் வேலை செய்யும், ஆனால் அது வெளியே விடும் காற்றில் எண்ணெய்ப் புகை வரும், ஒயினிலிருந்து வரும் நீராவியும் ஆல்கஹால் ஆவியும் எண்ணெயில் கலந்து அதைக் கெடுக்கும், அதனால் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பம்ப்புக்கும் குடுவைக்கும் நடுவில் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி உண்டு, வழிந்து வரும் நுரையோ ஒயினோ அதில் நின்றுவிடும். அதன் மூடியில் கேஜும், வெற்றிடத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன வால்வும் இருக்கின்றன. குழாய் கெட்டிச் சுவர் உள்ளதாக இருக்க வேண்டும். சாதாரண சைஃபன் குழாய் வெற்றிடத்தில் சப்பையாகிவிடும், சிலிக்கான் குழாய் மென்மையானது என்பதோடு ஆக்சிஜனையும் உள்ளே விடும். ரப்பர் அடைப்பான் ஒரு சைஸ் பெரிதாக இருப்பது நல்லது, இல்லாவிட்டால் வெற்றிடம் அதைக் குடுவைக்குள்ளேயே இழுத்துவிடும், அப்புறம் வெளியே எடுப்பது பெரும்பாடு.

பிளாஸ்டிக் குடுவையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது, நசுங்கிவிடும். கண்ணாடியிலும் கீறல், விரிசல், உள்ளே காற்றுக்குமிழி உள்ளவற்றை ஒதுக்கிவிடுங்கள். 15 அங்குலம் வெற்றிடத்தில் 29 சென்டிமீட்டர் விட்டமுள்ள அடிப்பாகத்தில் மட்டும் 300 கிலோவுக்கு மேல் சுமை விழுகிறது. ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்து முழுக் குடுவையையும் பார்த்த பிறகே பம்ப்பைப் போடுகிறேன், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிகிறேன். உள்நோக்கி வெடிக்கும் குடுவையின் சில்லுகள் மறுபடி வெளியேதான் பறக்கும்.

இறுத்தலும் வாயு நீக்கமும்

ஆறு மாதம் கிடந்த ஒயின் அது, மேலே கண்ணாடி போலத் தெளிந்து, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மண்டி. பாட்டில் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் வேறு குடுவைக்கு இறுத்தேன்.

வாக்குவத்தில் இறுப்பதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. நிரம்ப வேண்டிய குடுவையில் முதலிலேயே 20 அங்குலம் வரை வெற்றிடம் ஏற்றிவிட்டால் அதிலிருந்த ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்படி மெலிந்த காற்றில் ஒயின் தெறித்து விழுந்தாலும் கெடுதல் குறைவு, சொல்லப்போனால் தெறிப்பதே கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற உதவுகிறது. சைஃபனில் தெறித்தால் ஒயினுக்கு ஆபத்து, இங்கே அதுவே உதவி.

ஆனால் இதே கட்டத்தில் ஒரு பிழையும் செய்தேன், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம். முதலில் ஏற்றிய 20 அங்குலத்தை அப்படியே விட்டு இறுத்தேன். ஓட்டம் வேகமாக இருந்தது, கடைசி இரண்டு லிட்டரில் உறிஞ்சு குழாயின் நுனி மண்டியைக் கிளப்பிவிட்டது. சைஃபனில் கடைசியில் ஓட்டம் தானாகவே மெலியும், வாக்குவத்தில் அந்தச் சலுகை கிடையாது, கடைசிச் சொட்டு வரை அதே வேகத்தில் இழுக்கும். புதுக் குடுவையில் ஒயின் லேசாகப் புகை போலத் தெரிந்தது. ஒரு வாரத்தில் படிந்துவிடும், மிச்சத்தை ஃபில்ட்டர் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

அப்புறம் வாயு நீக்கம். நொதித்து முடிந்த ஒயினில் லிட்டருக்கு சுமார் 1.5 கிராம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கலாம், அதை ஒரு கிராமுக்குக் கீழே கொண்டுவந்தால் நாக்கில் சுள்ளென்ற உணர்வு அவ்வளவாகத் தெரியாது. கழுத்து வரை நிறைந்த குடுவையில் 20 அங்குலம் போட்டதும் பத்து நொடியில் நுரை பொங்கி நடு ஜாடிக்குப் பாய்ந்தது. ஜாடி இல்லாமல் இருந்திருந்தால் பம்ப் அன்றோடு முடிந்திருக்கும். மூன்று லிட்டரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, ஒயினை 22 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்து, 10 அங்குலத்தில் தொடங்கி நுரை அடங்க அடங்கக் கொஞ்சம் கொஞ்சமாக 20க்கு ஏற்றினேன். அரை மணி நேரத்தில் பெரிய குமிழிகள் மட்டும் எப்போதாவது வரும் நிலைக்கு வந்தது. இதற்கு மேல் மணிக்கணக்காக ஓட்டினால் மணமும் சேர்ந்து போய்விடும், எனவே நிறுத்தி, எடுத்து வைத்ததைத் திரும்ப ஊற்றிக் குடுவையை நிறைத்தேன்.

வாயு போய்விட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சின்னப் பாட்டிலில் பாதிக்கு ஒயின் ஊற்றி, கட்டைவிரலால் அடைத்து, நன்றாகக் குலுக்கி, விரலை எடுக்க வேண்டும். புஸ்ஸென்று சத்தம் வந்தால் வாயு இன்னும் இருக்கிறது. எனக்குச் சத்தம் வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாட்டில் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் (ஒயினைக் கெடாமல் காக்கும் உப்பு) சேர்த்தேன். அதன் எடையில் சுமார் 57 சதவீதம்தான் கந்தக டை ஆக்சைடு, அதிலும் ஒரு பகுதி ஒயினோடு பிணைந்துவிடும், எனவே சேர்த்த பிறகு அளந்து பார்ப்பதே சரி. ஒயினின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு) 3.4. அந்த அளவுக்கு லிட்டருக்கு 32 மில்லிகிராம் கட்டற்ற சல்ஃபைட் (பிணையாமல் நிற்கும் கந்தக டை ஆக்சைடு) இருந்தால் வெள்ளை ஒயினுக்குப் போதிய பாதுகாப்பு, பிஎச் 3.6 என்றால் 50 தேவைப்படும். அயோடின் டைட்ரேஷனில் (அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பதில்) எனக்குக் கிடைத்தது 36. நிம்மதியாகப் பாட்டில் கழுவப் போனேன்.

பாட்டில் நாள்

ஃபில்ட்டரையும் பாட்டில் நிரப்புவதையும் ஒரே ஓட்டத்தில் முடிக்க நினைத்தேன். ஒரு இறுத்தல் மிச்சம், அதனால் காற்றுப் படுவதும் குறைவு என்பது என் கணக்கு. குடுவை, அதிலிருந்து குழாய், 10 அங்குல நீள ஹவுசிங்கில் (ஃபில்ட்டர் கூட்டில்) 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாலிபுரொப்பிலீன் கார்ட்ரிட்ஜ், அதாவது மாற்றக்கூடிய வடிகட்டி உருளை, அங்கிருந்து குழாய், நிரப்பும் தலை, அதன் கீழே பாட்டில், தலையிலிருந்து இன்னொரு குழாய் நடு ஜாடிக்கு, ஜாடியிலிருந்து பம்ப்புக்கு. பாட்டிலைத் தலையில் அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று போய் ஒயின் வரும், குறித்த மட்டத்தைத் தாண்டியது ஜாடிக்குப் போய்விடும், எனவே எல்லாப் பாட்டிலும் ஒரே மட்டம். இந்த நேர்த்திக்காகவே வாக்குவம் நிரப்பியை விரும்புகிறேன்.

வெந்நீரில் கரைத்த சல்ஃபைட், சிட்ரிக் அமிலக் கரைசலை நாலு லிட்டர் ஓட்டிக் கழுவி, ஹவுசிங்கில் நின்ற தண்ணீரோடு கலந்து வந்த முதல் ஒயினை ருசி தேறும் வரை தனியாக எடுத்தேன். முதல் பாட்டில் 25 நொடியில் நிரம்பியது, கேஜ் 8. அருமையாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒன்பதாவது பாட்டில் வாக்கில் ஃபில்ட்டருக்குப் பிறகு வரும் குழாயில் நூல் போல ஒரு குமிழி வரிசை தெரிந்தது. ஃபில்ட்டரைத் தாண்டியதும் அழுத்தம் குறைகிறது, அதனால் மிச்சமிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, சோடா மூடியைத் திறந்தால் நடப்பதும் அதேதானே. குலுக்கிப் பார்த்தபோது சத்தமே வரவில்லை என்பதை அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை.

அதற்குள் வேகம் குறையத் தொடங்கியது. கிளம்பியிருந்த மண்டி கார்ட்ரிட்ஜை அடைத்துக்கொண்டிருந்தது. 5 மைக்ரான் ஒன்றை முன்னால் வைக்காமல் நேராக 1 மைக்ரானுக்குப் போனதும் தவறுதான். ஈஸ்ட் செல்களே 5 மைக்ரானுக்கு முன்னே பின்னே இருக்கும், அவை எல்லாம் வந்து அந்த மெல்லிய கார்ட்ரிட்ஜின் முகத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? வேகத்தை மீட்க நான் வால்வைத் திருகி வெற்றிடத்தைக் கூட்டினேன். 8 இருந்தது 12 ஆனது, 15 ஆனது, 18ஆம் பாட்டிலில் 18 அங்குலத்தைத் தொட்டது. ஆனாலும் ஒரு பாட்டில் நிரம்ப 70 நொடி. குமிழிகளும் கூடின, நூல் போல இருந்தது மணிமாலை போல ஆனது.

20ஆம் பாட்டிலோடு ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிட்டது. ஹவுசிங்கைக் கழற்றிப் புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டேன். போடும்போது வெளியேறும் பக்கத்து நாசிலையும் கழற்றிக் கழுவினேன், அதன் மரையில் (திருகுப் புரியில்) சுற்றியிருந்த டெஃப்லான் டேப் பிய்ந்து கிடந்ததால் புதிதாக ஐந்து சுற்று சுற்றி இறுக்கினேன். 21ஆம் பாட்டிலிலிருந்து 30 வரை கேஜ் 8, நேரம் 25 நொடி, குமிழி ஒன்றுகூட இல்லை. கார்ட்ரிட்ஜ் மாற்றியதால்தான் குமிழி நின்றது என்று குறிப்பேட்டில் எழுதினேன். அந்த வரி தவறு.

மூன்று மாதம் கழித்து

ஐந்து பாட்டிலைத் திறந்து கட்டற்ற சல்ஃபைட் அளந்தேன். 3ஆம் பாட்டிலில் 24, 12ஆம் பாட்டிலில் 17, 19ஆம் பாட்டிலில் 8, 24ஆம் பாட்டிலில் 25, 29ஆம் பாட்டிலில் 26. எல்லாமே 36இல் தொடங்கியவை. 19ஆம் பாட்டில் வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் மாதிரி மணந்தது, அது அசிட்டால்டிஹைடின் மணம், ஆக்சிஜன் புகுந்ததற்கான அடையாளம். 12 குடிக்கலாம், ஆனால் உயிரில்லை. 24உம் 29உம் நான் எதிர்பார்த்தபடியே இருந்தன.

எல்லாப் பாட்டிலிலும் பொதுவாக இறங்கிய பத்து சொச்சம் மில்லிகிராமைக் கார்க்குக்குக் கீழே உள்ள இடைவெளிக் காற்றே பெரும்பாலும் விளக்கிவிடும். 10 மில்லி காற்றில் 2.8 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது, 750 மில்லி பாட்டிலில் அது லிட்டருக்குச் சுமார் 3.7. ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன் கணக்குப்படி நாலு மில்லிகிராம் சல்ஃபைட்டைத் தின்னும், ஒயினில் எல்லா ஆக்சிஜனும் சல்ஃபைட்டிடம் போவதில்லை என்பதால் நடப்பில் கொஞ்சம் குறையும். ஆனால் 19ஆம் பாட்டில் இழந்தது 28. வழியில் எங்கோ காற்று கரைந்து, ஒயின் ஆக்சிஜனை ஏற்கும் உச்சமான 8 மில்லிகிராமை நோக்கி நன்றாகவே போயிருக்கிறது.

எண்களைப் பார்த்ததும் எனக்குப் பிடிபட்டது அதன் ஏறுமுகம். கார்க்கோ பாட்டிலோ காரணமாக இருந்தால் கெட்டவை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்க வேண்டும். இங்கே 3, 12, 19 என்று படிப்படியாக மோசமாகி, 21க்கு மேல் சட்டென்று சரியாகிறது. அந்த இடத்தில் இரண்டு காரியம் நடந்தன, கார்ட்ரிட்ஜ் மாறியது, மரையில் டேப் மாறியது. எது காரணம்?

பழைய டேப்பைப் பிய்ந்த நிலையிலேயே வைத்துச் சுற்றி, அதே அடைத்த கார்ட்ரிட்ஜைப் போட்டு, தண்ணீரில் ஓட்டிப் பார்த்தேன். தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு இல்லை, ஆனாலும் குமிழி வந்தது. குமிழி தொடங்கும் இடமும் நாசிலின் மரைதான், அதற்கு முந்தைய குழாயில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சின்னப் பிழிபாட்டிலில் தண்ணீர் எடுத்து அந்த மரைமேல் சொட்டு சொட்டாக விட்டேன். குமிழி உடனே நின்றது, சொட்டுவதை நிறுத்தினால் சில நொடியில் மறுபடி வந்தது. காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது என்று பொருள். பம்ப் செட் பார்ப்பவர்கள் சக்ஷனில் ஏர் வாங்குது என்பார்களே, அதேதான்.

இந்த ஆய்வில் நான் சொல்ல விரும்புவதே இதுதான். அழுத்தம் கொடுத்துத் தள்ளும் பம்ப்பில் மரை தளர்ந்தால் வெளியே ஒயின் சொட்டும், தரை ஈரமாகும், நாம் பார்த்துவிடுவோம். வாக்குவத்தில் கசிவு உள்நோக்கிப் போகிறது. வெளியே எல்லாம் காய்ந்து சுத்தமாக இருக்கும், உள்ளே ஒயின் ஒவ்வொரு பாட்டிலாகக் கெட்டுக்கொண்டிருக்கும். ஃபில்ட்டருக்குப் பிந்தைய இணைப்புகள்தான் மிக மோசம், ஏனென்றால் கார்ட்ரிட்ஜ் அடைய அடைய அதற்கு முன்பக்கம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது, முழு வெற்றிடமும் பின்பக்கத்து மரைமேல் விழுகிறது. அதோடு நான் வால்வைத் திருகி அதை இரண்டு மடங்குக்கும் மேல் ஆக்கினேன், ஒவ்வொரு பாட்டிலும் நிரம்பும் நேரமும் கிட்டத்தட்ட மூன்று மடங்கானது. இரண்டையும் பெருக்கினால் 18ஆம் பாட்டிலுக்குப் போன காற்று முதல் பாட்டிலுக்குப் போனதைப் போல நாலு முதல் ஆறு மடங்கு. வேகத்தைக் கூட்ட நான் செய்த ஒவ்வொரு திருகலும் ஒயினுக்குக் காற்றூட்டியது.

ஆக, மண்டி கிளம்பியது, கார்ட்ரிட்ஜ் அடைத்தது, வெற்றிடம் ஏறியது, மரை ஏர் வாங்கியது. கார்ட்ரிட்ஜ் அடையாமல் இருந்திருந்தால் அதே தளர்ந்த மரையோடு 30 பாட்டிலும் 3ஆம் பாட்டில் மாதிரி வந்திருக்கலாம், எனக்குத் தெரிந்தே இருக்காது.

அடுத்த குடுவையில் மாற்றியவை

கடைசி கால்வாசியை 5 அங்குலத்தில் இறுத்தேன், உறிஞ்சு குழாயின் நுனியை மண்டிக்கு மூன்று விரல் மேலே கட்டி வைத்தேன். ஒரு லிட்டர் வீணானது, பரவாயில்லை. ஃபில்ட்டர் செய்த நாளும் பாட்டில் நாளும் இப்போது வேறு வேறு. ஃபில்ட்டரை 5 மைக்ரான், பிறகு 1 மைக்ரான் என்று இரண்டு கட்டமாக, குடுவையிலிருந்து குடுவைக்கு ஓட்டுகிறேன், வெற்றிடம் 12ஐத் தாண்டினால் கார்ட்ரிட்ஜை மாற்றுவேனே தவிர வால்வைத் தொடமாட்டேன். ஒரு இறுத்தல் கூடுகிறதே என்றால், வெற்றிடம் ஏற்றிய குடுவைக்குள் போகும் ஒரு இறுத்தல் ஏர் வாங்கும் ஒரு மரையைவிட எவ்வளவோ மேல்.

ஒயின் தொடுவதற்கு முன் கசிவுச் சோதனை. எல்லாவற்றையும் மாட்டி, உறிஞ்சு குழாயின் நுனியை ரப்பரால் அடைத்து, 20 அங்குலம் ஏற்றி, பம்ப் பக்கத்து வால்வை மூடிவிட்டு ஐந்து நிமிடம் கேஜைப் பார்க்கிறேன். முதல் தடவை 20 இருந்தது 14க்கு இறங்கியது. ஒவ்வொரு இணைப்பாகக் கிளிப் போட்டு அடைத்துப் பார்த்ததில், ஹவுசிங் மூடியின் ஓ ரிங்கில் ஒரு மணல் துகள் இருந்தது. துடைத்து, உணவுத் தர சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டியதும் 20லேயே நின்றது.

ஃபில்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. கலங்கிய ஒயினை அது தெளிய வைக்காது, அடைத்துக்கொள்ளத்தான் செய்யும், அதிலும் பெக்டினால் (பழத்திலுள்ள கூழ்ப்பொருளால்) வரும் மங்கலுக்கு என்ஸைம் போட வேண்டுமே தவிர ஃபில்ட்டர் தீர்வில்லை. இனிப்பு மிச்சமிருக்கும் ஒயினில் 1 மைக்ரான் கார்ட்ரிட்ஜை நம்பிப் பாட்டிலில் அடைக்காதீர்கள். அதில் போட்டிருக்கும் 1 என்பது சராசரிக் கணக்கு, சில ஈஸ்ட் செல்கள் தப்பிவிடும், பாட்டிலுக்குள் மறுபடி நொதித்தால் வெடிக்கும். அதற்கு 0.45 மைக்ரான் முழுத்தடை மெம்பரேன் வேண்டும், அல்லது சல்ஃபைட்டோடு பொட்டாசியம் சார்பேட் சேர்க்க வேண்டும். ஆறேழு மாதம் அமைதியாகக் கிடந்து தெளிந்த, இனிப்பில்லாத ஒயினுக்கு ஃபில்ட்டர் பளபளப்புக்காகத்தான், அதைத் தவிர்த்தாலும் குறையில்லை என்பது என் கருத்து.

இரண்டாம் குடுவை 34இல் தொடங்கியது. மூன்று மாதம் கழித்து 2, 15, 28ஆம் பாட்டில்களைத் திறந்தேன்: 25, 24, 25. மூன்றையும் டம்ளரில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியவில்லை.

பழைய குடுவையில் 1 முதல் 10 வரை உள்ள பாட்டில்களை முதலில் குடித்துத் தீர்த்தோம், 21க்கு மேலுள்ளவை இன்னும் படுத்திருக்கின்றன. 15 முதல் 20 வரை வினிகர் ஜாடிக்குப் போய்விட்டன. பம்ப்புக்குப் பக்கத்தில் இப்போது சல்ஃபைட் கரைசல் நிறைந்த அந்தப் பிழிபாட்டில் எப்போதும் இருக்கிறது, குழாயில் ஒரு குமிழி தெரிந்தாலும் நிரப்புவதை நிறுத்தி, எல்லா மரைமேலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த பாட்டில்.